முன்னால் ஒரு கியர், பின்னால் நாலு

நாவக்கொல்லைக்கு வந்த முதல் இன்ஜின் மனிதர்களின் தோளில் ஏறித்தான் வந்தது. இரண்டு மூங்கில் கழியில் கயிறு போட்டுக் கட்டி, மாமன், மச்சான், பங்காளி என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம் பிடித்து, சந்தவாசல் அடிவாரத்திலிருந்து ஜவ்வாது மலைக்கு அதைத் தூக்கிக்கொண்டு வந்தான் கண்ணாயிரம். திருவிழாவில் சாமி தூக்குவதுபோல் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கினார்கள். சாமி தூக்கினால் புண்ணியமாவது கிடைக்கும். இந்தக் கருப்பு இரும்பைத் தூக்கியதில் கிடைத்தது தோளில் காய்ப்பும் வேட்டியில் எண்ணெய்க் கறையும்தான்.

முன்கழியைப் பிடித்திருந்தவன் சின்னராசு, கண்ணாயிரத்தின் மனைவிக்குத் தம்பி. அவனுக்கு வாய் மட்டும் களைக்கவே களைக்காது.

"இன்னா மாமா, இன்ஜின் வந்து நம்மள தூக்கினு போவும்னு சொன்ன. இப்ப நாமதான் அத்த தூக்கினு போறோம்."

"ஒரு தபா தூக்குடா. அப்பால ஆயுசுக்கும் அது உன்ன தூக்கும்" என்றான் கண்ணாயிரம்.

அது கிணற்றில் தண்ணீர் இறைக்கிற ஆயில் இன்ஜின். நாவக்கொல்லையில் கிணறே கிடையாது, ஊற்றுத் தண்ணீர்தான். கிணறு இல்லாத ஊருக்கு இறைக்கிற இன்ஜினைத் தூக்கி வருகிறவனை ஊர் சும்மா விடுமா? வேப்பிலை அடிக்க வேண்டும் என்றுகூட ஒருத்தி சொன்னாள். கண்ணாயிரம் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவன் அந்த இன்ஜினைக் காரில் வைக்கப் போகிறான். அதுவும் அவன் வீட்டுப் பலாமரத்தடியில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த காரில்.

கார் வந்த கதை பெரிய கதை ஒன்றுமில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில், காட்டு மூங்கிலை வெட்டிக்கொள்ளக் கூப்பு எடுத்த ஒரு காண்ட்ராக்டர், ஊர்க்காரர்கள் ஏறி இறங்கிய மலைப்பாதையையே லாரி போகிற தடமாக அகலமாய் வெட்டினார். அவர் மேற்பார்வைக்கு வந்து போன வண்டிதான் அந்த மாரிஸ் மைனர். உருண்டை முதுகு, உருண்டைக் கண், குட்டை உடம்பு. ஊர் அதற்கு ஆமை என்று பேர் வைத்தது. ஒருநாள் அவருடைய டிரைவர் தண்ணீர் ஊற்றாமலே ஏற்றத்தில் முறுக்கிக்கொண்டு வந்ததில், இன்ஜின் வெடிப்பு விட்டு, வண்டி கண்ணாயிரத்தின் பலாமரத்தடியில் நின்றது. கூப்பு முடிந்தது, லாரிகள் போயின, காண்ட்ராக்டர் திரும்பிப் பார்க்கவில்லை. எப்போதோ சந்தையில் பார்த்துக் கேட்டதற்கு, "அத்த கீழ எறக்கற கூலிக்குத் தாங்காதுப்பா, நீயே வச்சிக்கோ" என்று கையைக் கழுவிவிட்டார்.

இன்ஜின் கணியம்பாடியிலிருந்து வந்தது. அங்கே ராணியம்மாள் என்கிற சம்சாரி வீட்டு நிலத்தில் கண்ணாயிரம் வாலிப வயசில் பல வருஷம் இன்ஜின் ஓட்டினான். அந்தச் சத்தத்தைக் கேட்டே அதற்குச் சளி பிடித்திருக்கிறதா, பசி எடுத்திருக்கிறதா என்று சொல்லிவிடுவான். பிறகு கிணற்றுக்குக் கிணறு கரண்டு வந்தது. பொத்தானை அமுக்கினால் தண்ணீர் கொட்டுகிறபோது ஆயில் இன்ஜின் எதற்கு? அது தென்னைமரத்தடியில் துருப்பிடித்துக் கிடந்தது. கண்ணாயிரம் போய்க் கேட்டான்.

"மலைல கெணறு ஏதுப்பா? இத்த வச்சிக்கினு இன்னா பண்ணப்போற?" என்றாள் ராணியம்மாள்.

"காருக்கு வைக்கப்போறேம்மா."

அந்தம்மா வெற்றிலை எச்சில் புடவையில் தெறிக்கச் சிரித்தாள். சிரித்துவிட்டு, அந்த வருஷ அறுப்புக்கு வந்து நிற்பதாக அவனிடம் வாக்கு வாங்கிக்கொண்டு இன்ஜினைக் கொடுத்தனுப்பினாள்.

சரி, மலையில் இருக்கிறவனுக்குக் கார் எதற்கு? மாமியார் வீட்டுக்கு மிடுக்காகப் போகவா? அதைச் சொல்ல வேண்டுமென்றால் அவன் அப்பன் கோவிந்தனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாவக்கொல்லைக்காரர்கள் சாமையைத் தின்றார்கள், புளியை விற்றார்கள். மாசி பங்குனியில் புளி உலுக்கி, ஓடு நீக்கி, கொட்டை எடுத்து, மூட்டை கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, மலைப்பாதையில் இறங்கிச் சந்தவாசல் மண்டிக்குப் போவார்கள். மண்டி கோபால்சாமியுடையது. அவர் விடிகாலையில் வந்தவர்களையும் உச்சிவெயில் வரைக்கும் நிறுத்திவைப்பார். பசியில் கண் இருளும்போதுதான் கல்லாவிலிருந்து எழுந்து வருவார். மூட்டைக்குள் கட்டைவிரலை விட்டு அமுக்கிப் பார்த்து, "ஈரம்" என்பார். பங்குனி வெயிலில் பாறைமேல் காய்ந்த புளி, அவர் விரல் பட்டால் மட்டும் ஈரமாகிவிடும். அப்புறம் அவர் வைத்ததுதான் விலை. பிடிக்கவில்லை என்றால் எடுத்துக்கொண்டு போகலாம். இறக்கி வந்த சுமையை வெறும் வயிற்றோடு எவன் மலைக்கு ஏற்றுவான்?

ஒரே ஒருத்தன் ஏற்றினான். ஒரு வருஷம் கோபால்சாமி விலை சொன்னதும் கோவிந்தனுக்குக் கோபம் வந்துவிட்டது. உன் மண்டியும் வேண்டாம் நீயும் வேண்டாம் என்று மூட்டையைத் திரும்பத் தலையில் வைத்துக்கொண்டு மலையேறினான். முக்கால் மலை ஏறிவிட்டான். செங்குத்தான ஒரு வளைவு வரும், அங்கே மூட்டையோடு முன்பக்கமாக விழுந்தான். கூட வந்த குப்பன் ஓடிவந்து புரட்டிப் பார்த்தபோது மூச்சு இல்லை. அவனைத் தூக்கிவந்தார்கள். மூட்டையை யாரும் தொடவில்லை. அது அந்த வளைவிலேயே கிடந்து கோடைமழையில் கரைந்து போனது. அப்போது கண்ணாயிரத்துக்கு மீசை முளைத்திருக்கவில்லை.

குப்பன் பிறகு ஊர் மூப்பர் ஆனார். அவர்தான் அந்த வளைவில் ஒரு கல்லை நட்டார். அன்றிலிருந்து நாவக்கொல்லையில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. சுமையோடு இறங்குகிறவர்கள் அந்தக் கல்லைத் தொட்டு, "எறங்கினது எறங்கினதுதான்" என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். இறங்கின சுமை கல்லைத் தாண்டி மேலே வந்தால் ஊரில் இன்னொரு சாவு விழும் என்பது நம்பிக்கை. பயந்தவர்கள் போட்ட கட்டு அது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பேச்சு மலையிறங்கி மண்டிக்கும் போய்ச் சேர்ந்தது. கோபால்சாமிக்குக் காதில் தேன் ஊற்றின மாதிரி ஆயிற்று. அதற்கப்புறம் யாராவது விலைக்கு முனகினால், அவரே சிரித்துக்கொண்டு, "இன்னாப்பா, எறங்கினது எறங்கினதுதானே?" என்பார்.

அந்தச் சிரிப்புதான் கண்ணாயிரத்தின் வயிற்றில் வருஷக்கணக்காக எரிந்துகொண்டிருந்தது. அப்பன் செத்ததைக்கூட ஒரு மாதிரி தாங்கிக்கொண்டான். அப்பன் சாவை ஒருத்தன் எடுத்து விலை குறைக்கிற கோலாகப் பயன்படுத்துவதை அவனால் தாங்க முடியவில்லை. ஒரு மூட்டையாவது, ஒரே ஒரு தடவையாவது அந்த மண்டியிலிருந்து திரும்பி மேலே வர வேண்டும். அதுதான் அவனுக்கு வேண்டும்.

எழுபத்தெட்டாம் வருஷம் தை முடிந்ததும் வேலையை ஆரம்பித்தான். வெடித்த பழைய இன்ஜினைக் கழற்றி எடுத்தபோது அதற்குள்ளிருந்து ஒரு அடை முட்டை கிடைத்தது. முன்புறத்தில் கெட்டியான வேங்கைச் சட்டம் போட்டு, அதன்மேல் ஆயில் இன்ஜினை உட்கார வைத்தான். பானெட் மூடுமா? மூடவில்லை. அதைக் கழற்றி மனைவி அம்மாக்கண்ணுவிடம் கொடுத்தான். அவள் அதைக் கவிழ்த்துப் போட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள்.

இன்ஜினிலிருந்து கியர்பெட்டிக்கு ஒரு பெல்ட். பெல்ட்டை இறுக்கவும் தளர்த்தவும் கையோரம் ஒரு மரநெம்பு. இறுக்கினால் வண்டி போகும், தளர்த்தினால் நிற்கும். கூரைமேல் ஒரு தகர டிரம்மைக் கட்டி, அதிலிருந்து இன்ஜினுக்குத் தண்ணீர்க் குழாய் இறக்கினான். பெல்ட் ஓடுவதற்காகக் கியர்பெட்டியில் மாட்டுகிற புல்லியை மட்டும் கணியம்பாடிப் பட்டறையில் கடைந்து வாங்கிவந்தான். மற்றதெல்லாம் உளியும் சுத்தியலும் கயிறும்தான்.

ஒரு விஷயத்தை மட்டும் ரொம்ப யோசித்தான். ஆயில் இன்ஜினைக் கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். கார் என்றால் முன்னால் போய் நின்று சுற்றுவார்கள். சமவெளிக்காரனுக்கு அது சரி. மலை ஏற்றத்தில் இன்ஜின் நின்று போனால்? வண்டியை விட்டு இறங்கி முன்னால் போவதற்குள் வண்டி பின்னால் உருண்டு பள்ளத்தில் போய்விடும். இறக்கத்தில் நின்றாலோ சுற்றுகிறவன் மேலேயே ஏறிவிடும். ஆகவே கண்ணாயிரம் இன்ஜினை முன்பின்னாகத் திருப்பி வைத்தான். கைப்பிடி போடுகிற முனை டிரைவர் பக்கம் வந்தது. நடுத்தகரத்தை வெட்டி, சீட்டில் உட்கார்ந்தபடியே கை நீட்டிச் சுற்றுகிற மாதிரி செய்தான். செய்துவிட்டு அவனுக்கே பெருமை தாங்கவில்லை.

"எந்த ஊர் கார்லயாச்சும் இப்டி கீதா சொல்லு" என்றான் மனைவியிடம்.

"எந்த ஊர் கார்லயும் இப்டி இல்லியேன்னுதான் எனக்கு பயமா கீது" என்றாள் அம்மாக்கண்ணு.

வெள்ளோட்டத்துக்கு ஊரே வந்துவிட்டது. அம்மாக்கண்ணு டிரம்முக்குக் குங்குமம் வைத்து, வண்டிக்கு முன்னால் தேங்காய் உடைத்தாள். கண்ணாயிரம் உள்ளே உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றினான். இன்ஜின் இருமியது, கரும்புகை கக்கியது, பிறகு "டக்கு டக்கு டக்கு" என்று பிடித்துக்கொண்டது. ஊர் ஓவென்று கத்தியது. முன்னால் நின்றவர்கள் வழிவிட்டார்கள். கண்ணாயிரம் முதல் கியரைப் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, நெம்பை இறுக்கினான்.

ஆமை விருட்டென்று பின்னால் போயிற்று. பின்னால் குப்பன் மூப்பருடைய வைக்கோல்போர். அதற்குள் பாதி வண்டி போய்ப் புதைந்துதான் நின்றது.

அடுத்த நொடி நாவக்கொல்லை சிரித்த சிரிப்பு அடிவாரத்துக்கே கேட்டிருக்கும். சின்னராசு தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதான். கண்ணாயிரம் மறுபடி கிளப்பினான். ரெண்டாவது கியர் போட்டான், பின்னால் போயிற்று. மூணு, நாலு, எல்லாம் பின்னால்தான். வெறுத்துப்போய் ரிவர்ஸ் போட்டான். வண்டி மாட்டுநடையில் மெதுவாக முன்னால் வந்தது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இன்ஜினைத் திருப்பி வைத்தால் அது சுற்றுகிற பக்கமும் திரும்பிவிடும் அல்லவா? கைப்பிடியைப் பற்றி அத்தனை யோசித்தவன் அதை யோசிக்காமல் விட்டுவிட்டான். பெல்ட்டைக் குறுக்கே முறுக்கிப் போட்டால் சுற்று நேராகும் என்று அவனுக்குத் தெரியும். போட்டும் பார்த்தான். இருந்த இடம் குட்டை, முறுக்கிய பெல்ட் தன்மேல் தானே உரசி நார்நாராகப் பிய்ந்தது. இன்ஜினை மறுபடி பழையபடி திருப்பினால் கைப்பிடி வெளியே போய்விடும். அதற்கு அவன் சம்மதிக்கவில்லை.

"மலைக்கு ஒரு கியர் போதும்" என்றான். "வேகமாப் போயி எந்த கோட்டைய புடிக்கப்போறோம்?"

அவமானம் இல்லாமலா? நெஞ்சு முட்ட இருந்தது. வைக்கோலைத் தட்டிக்கொண்டே நடந்து போனவனைச் சின்னப்பிள்ளைகள் பின்பக்கமாக நடந்து காட்டிக் கேலி செய்தார்கள். ஆனால் அவமானப்பட்டதற்காக ஒன்றை விட்டுவிடுகிற ஆள் அவன் இல்லை. மறுநாளே கூப்புத் தடத்தில் வெறும் வண்டியை ரிவர்ஸ் கியரில் முன்னால் ஓட்டிப் பழகினான்.

பங்குனி வந்தது. மூட்டைகள் கட்டியாயிற்று. குப்பன் மூப்பர் வீடு தேடி வந்தார்.

"கண்ணாயிரம், வண்டில எறக்கிக்கோ. வேணாம்னு சொல்லல. ஆனா எறங்கினது எறங்கினதுதான். கல்லத் தாண்டி அத்த மேல கொண்டாரக் கூடாது."

"எறக்கறதுக்கு எனக்கு தல போதும் மூப்பரே. ஏத்தறதுக்குத்தான் வண்டி செஞ்சேன்."

மூப்பரின் முகம் சுண்டிவிட்டது. "உங்கப்பன புரட்டிப் பாத்தவன் நான். நீ இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஊரில் ஒருத்தரும் தங்கள் மூட்டையைக் கண்ணாயிரத்தின் வண்டியில் ஏற்றவில்லை. வழக்கம்போல் தலையில் சுமந்துகொண்டு இறங்கிப் போனார்கள்.

அம்மாக்கண்ணு தன் அம்மா வீட்டு மரத்துப் புளியையும் சேர்த்து, வீட்டில் இருந்த அத்தனை மூட்டையையும் தன் கையாலேயே வண்டிக்குள் அடுக்கினாள். அந்த வருஷத்து உப்புக்கும் துணிக்கும் அதுதான். வண்டி ஏறவில்லையென்றால் அத்தனையும் கோபால்சாமிக்குப் போகும், அவர் இஷ்டப்பட்ட விலைக்கு. ஊரும் அப்புறம் ஆயுசுக்கும் சிரிக்கும். இதெல்லாம் அவளுக்குத் தெரியாமல் இல்லை.

"ஏறுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஏறலன்னா நானும் வரமாட்டேன்" என்றான்.

"அந்தப் பேச்சு இங்க வேணாம். புளி வரலன்னாலும் நீ வரணும்" என்று அதட்டினாள். அவன் வண்டிக்குள் ஏறிக் கைப்பிடியைச் சுற்றினான்.

சின்னராசு சக்கரத்துக்கு அண்டை கொடுக்கிற கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு கூடவே நடந்தான். வண்டி இறங்கியது. கல் இருந்த வளைவில் சின்னராசு மட்டும் குனிந்து தொட்டு முணுமுணுத்தான். கண்ணாயிரம் கல்லைப் பார்த்தான், தொடவில்லை.

சந்தவாசலில் கூட்டம் பின்னாலேயே வந்தது. மூஞ்சியில்லாத கார், நெற்றியில் இன்ஜின், தலையில் டிரம், புகை, டக்கு டக்கு. கோபால்சாமியின் மண்டி ஒரு நீளமான சந்தின் கடைசியில் இருந்தது. வண்டி சந்துக்குள் நேராகப் போய், மண்டி வாசலில் கல்லாவுக்கு எதிரே நின்றது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மூட்டை அடுக்கு. திரும்ப இடம் இல்லை. கண்ணாயிரம் இன்ஜினை நிறுத்தவில்லை. நெம்பைத் தளர்த்திவிட்டு அப்படியே ஓட விட்டான்.

கோபால்சாமி ஏறிட்டுப் பார்த்தார், சிரித்தார், உட்கார்ந்துகொண்டார். உச்சிவெயில் ஏறும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. கண்ணாயிரமும் அசையவில்லை. டிரம்மில் தண்ணீர் குறையக் குறைய சின்னராசு குழாயடிக்கும் வண்டிக்குமாக நடந்தான். கடைசியில் அவர் வந்து ஒரு மூட்டையைப் பிரித்துக் கட்டைவிரலை உள்ளே விட்டார்.

"ஈரம்" என்றார்.

"காஞ்சதுங்க மொதலாளி. கையில எடுத்தா சத்தம் கேக்கும்."

"எனக்கு கேக்கலியே, உன் இன்ஜின் சத்தம்தான் கேக்குது" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். மண்டிக் கூலியாட்கள் சிரித்தார்கள். பிறகு ஒரு விலை சொன்னார். தலைச்சுமையில் வந்தவர்களுக்குச் சொன்னதைவிடவும் குறைச்சல். காரில் வந்த திமிருக்கு அபராதம் போல.

"கட்டாதுங்க. நான் எடுத்துனு போறேன்" என்றான் கண்ணாயிரம்.

"எங்க?"

"மலைக்கு."

கோபால்சாமிக்குச் சிரிப்பு அடங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. "இன்னாப்பா, எறங்கினது எறங்கினதுதானே? உங்கப்பன் போன மாதிரியே போறியா?" என்றார். பிறகு சந்தின் நெருக்கத்தையும் வண்டியையும் பார்த்து, குரலை மாற்றினார். "இது எங்கப்பா திரும்பும்? எறைக்கற இன்ஜினுக்கு ரிவர்ஸ் ஏது? டேய், எவனும் இந்த வண்டில கை வைக்காதீங்க. தள்ளிக் கொடுக்காதீங்க. இங்கியே நிக்கட்டும். பசிச்சா தானா மூட்டைய எறக்குவான்."

சின்னராசுவின் முகம் வெளுத்துவிட்டது. ஜன்னலுக்குள் தலையை விட்டு, "மாமா, குடுத்துட்டு போய்டலாம் மாமா" என்று கெஞ்சினான்.

அப்பன் சாவை அந்த வாயிலிருந்து கேட்டதும் கண்ணாயிரம் கியரைப் பிடித்தான். இந்த வண்டி முன்னால் போவதற்குத்தான் பஞ்சம். பின்னால் போக நாலு கியர் இருக்கிறது என்று இந்தச் சந்தவாசலில் ஒருத்தனுக்கும் தெரியாது. வைக்கோல்போருக்குள் புதைந்த அன்று ஊர் சிரித்த சிரிப்பு அவன் ஞாபகத்துக்கு வந்தது. முதல்முறையாக அவனுக்கும் சிரிப்பு வந்தது.

"கட்டைய எடுத்துக்கினு ஏறுடா" என்றான் மச்சானிடம்.

கோபால்சாமியை நேராகப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினான். "கும்பிடறேன் மொதலாளி. புளி ஈரமா கீதாம், மலைல கொஞ்சம் காய வச்சிக்கறோம்." சொல்லிவிட்டு முதல் கியரைப் போட்டு நெம்பை இறுக்கினான்.

ஆமை மூட்டையோடு பின்னால் கிளம்பியது. பின்னால் நின்ற கூட்டம் அலறிக்கொண்டு ஓடியது. இரண்டாவது கியர் போட்டதும் சைக்கிளில் போனவன் ஒதுங்கினான். மூன்றாவது போட்டபோது சந்தே முடிந்துவிட்டது. அவ்வளவு தூரமும் கண்ணாயிரம் ஒரு கண்ணைப் பின்பக்கமும் ஒரு கண்ணைக் கோபால்சாமி மேலும் வைத்திருந்தான். பிளந்த வாயோடு அவர் சின்னதாகி, இன்னும் சின்னதாகி, கல்லாவோடு கல்லாவாகப் போனார். பெரிய ரோட்டுக்கு வந்து வண்டியை மலைப்பக்கம் திருப்பி, ரிவர்ஸ் போட்டு, மாட்டுநடையில் முன்னால் விட்டான்.

ஏற்றம் அப்படி லேசாக விடவில்லை. பாதி மலையில் டிரம் கொதித்து ஆவி அடித்தது. ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து ஊற்றி ஊற்றி ஏறினார்கள். சக்கரம் வழுக்குகிற இடத்திலெல்லாம் சின்னராசு குதித்துக் கட்டையைக் கொடுத்தான். கல் இருந்த வளைவுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சரியாக அந்த வளைவின் நடுவில், எங்கே அப்பன் விழுந்தானோ அந்த இடத்தில், இன்ஜின் மூச்சு முட்டி நின்றது.

காடு அமைதியாகிவிட்டது. வண்டி பின்னால் ஒரு சாண் உருண்டது. சின்னராசு சக்கரத்துக்குக் கட்டையைக் கொடுத்துவிட்டு, "மாமா, வேணாம் மாமா. எறங்கிடு. அந்தக் கல்லுதான் நிறுத்திடுச்சி" என்றான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

கண்ணாயிரத்துக்கும் பயம் வந்தது. பொய் சொல்வானேன், ரொம்பவே வந்தது. மேலே கல்லுக்கு அந்தப் பக்கம் ஆட்கள் நிற்பது தெரிந்தது. சத்தம் கேட்டு ஊர் இறங்கி வந்திருந்தது. முன்னால் குப்பன் மூப்பர், அவர் பின்னால் அம்மாக்கண்ணு. இறங்கினால் எல்லாம் முடிந்தது. இந்த மூட்டைகளும் இங்கேயே மழையில் கரையும்.

அவன் இறங்கவில்லை. இறங்க வேண்டிய அவசியம்தான் அந்த வண்டியில் கிடையாதே. அதற்காகத்தானே இன்ஜினைத் திருப்பி வைத்து ஊர் சிரிக்க நின்றான்? சீட்டில் உட்கார்ந்தபடியே நெம்பைத் தளர்த்தி, காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டு கையை நீட்டிக் கைப்பிடியைப் பிடித்தான். முதல் சுற்றுக்கு இன்ஜின் உறுமிவிட்டு அடங்கியது. அடுத்த சுற்றுக்கு இருமியது. "ஏய், எங்கப்பன் இங்க நின்னுட்டான், நீ நிக்காத" என்று இன்ஜினைத் திட்டிக்கொண்டே தோள் பலமெல்லாம் கூட்டி மறுபடி சுற்றினான். டக்கென்றது. டக்கு டக்கு என்றது. நெம்பை மெல்ல, மெல்ல இறுக்கினான். ஆமை அசைந்து, வளைவை ஏறி, கல்லுக்கு எதிரே வந்தது.

குப்பன் மூப்பர் தடத்தின் நடுவில் நின்றார். கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"கண்ணாயிரம், எறங்கினது..."

"ஏறிடிச்சி மூப்பரே" என்றான் அவன். "எங்கப்பன் இங்க வுட்டுட்டுப் போன சுமை இது. அத்த வூட்டுக்கு எடுத்துனு போறேன். வழிய வுடு."

மூப்பர் உடனே வழிவிடவில்லை. வண்டியைச் சுற்றி வந்து, ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஒரு மூட்டையைத் தொட்டார். அதன்மேல் கையை வைத்தபடியே ரொம்ப நேரம் நின்றார். அவர் முகத்தைப் பார்க்க யாருக்கும் தைரியம் இல்லை. பிறகு கையை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார். அம்மாக்கண்ணு ஓடிவந்து புருஷனின் தோளைப் பிடித்துக்கொண்டு, சேலை சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும் என்று அவன் அதட்டியும் கேட்காமல், ஊர் வரைக்கும் அப்படியே நடந்து வந்தாள்.

நாவக்கொல்லையில் அன்று யாரும் சாகவில்லை. அடுத்த நாளும் சாகவில்லை. கோபால்சாமிக்கு அது எப்படித் தெரிந்ததோ, மூன்றாம் நாள் ஆள் விட்டனுப்பினார், விலையைப் பேசிக்கொள்ளலாம் என்று. கண்ணாயிரம் அந்த ஆளுக்குக் கூழ் கொடுத்து அனுப்பிவைத்தான், பதில் சொல்லவில்லை.

அந்த வாரக் கடைசியில் வண்டியைப் போளூர் மண்டிக்குக் கிளப்பிக்கொண்டிருந்தபோது, குப்பன் மூப்பர் தலையில் ஒரு மூட்டையோடு வந்தார். அதைத் தானே வண்டிக்குள் வைத்து, கயிற்றை இறுக்கிப் பார்த்தார்.

"அங்கயும் வெல சரியில்லன்னா இன்னா பண்றது மூப்பரே?" என்று கேட்டான் கண்ணாயிரம். கேலியாகத்தான் கேட்டான்.

மூப்பர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"திருப்பிக் கொண்டா" என்றார்.